டைட்டானிக்கில் போதுமான படகுகள் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா?

கேள்வி இதுதான்: டைட்டானிக்கில் அத்தனை பேருக்கும் உயிர்காப்புப் படகு இருந்திருந்தால் ஒருவர்கூட இறந்திருக்க மாட்டார் அல்லவா? கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: அந்த விபத்துக்குப் பிறகு கப்பல்களில் படகுகளைக் கூட்டினார்களே, அதோடு பிரச்சினை தீர்ந்ததா?

முதல் கேள்விக்கு என் பதில்: இன்னும் சில நூறு பேர் பிழைத்திருக்கலாம், எல்லோரும் பிழைத்திருக்க முடியாது. இரண்டாவதற்கு: தீரவில்லை. டைட்டானிக் மூழ்கி இரண்டே ஆண்டுகளில், வேண்டியதற்கு மேலேயே படகு வைத்திருந்த ஒரு கப்பல் 14 நிமிடத்தில் ஆயிரம் பேரோடு போயிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, கூடுதலாக ஏற்றிவைத்த படகுகளின் எடையே ஒரு கப்பலைக் கவிழ்ப்பதற்குத் துணை போயிற்று. இரண்டையும் பற்றி விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் டைட்டானிக்கின் அந்த இரவை மணிக்கணக்கோடு பார்த்துவிடுவோம்.

1912 ஏப்ரல் 14, இரவு 11.40-க்குக் கப்பல் பனிப்பாறையில் உரசியது. முதல் படகு கடலில் இறங்கும்போது மணி ஏறத்தாழ 12.45. 65 பேர் உட்காரக்கூடிய அந்தப் படகில் இருந்தவர்கள் 28 பேர். இன்னொரு படகில், 40 பேருக்கான இடத்தில் 12 பேர் போனார்கள். கப்பலில் மொத்தம் 20 படகுகள், 1,178 பேருக்கு இடம். ஏறியிருந்தவர்களோ சுமார் 2,200 பேர். பிழைத்தவர்கள் ஏறத்தாழ 710. அதாவது, போதாது என்று நாம் சொல்லும் அந்தப் படகுகளிலேயே 450-க்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகப் போயின.

ஏன்? ஆரம்பத்தில் யாரும் ஏற விரும்பவில்லை. விளக்கெல்லாம் எரிகிறது, வாத்தியக் குழு வாசிக்கிறது, காலடியில் தளம் அசையாமல் நிற்கிறது. கீழே 60 அடிக்கும் மேல் ஆழத்தில் இருட்டும் உறையும் தண்ணீரும். மரப்படகில் தொங்கிக்கொண்டு அங்கே இறங்கு என்றால் யார் இறங்குவார்? ஏற்றிவிட்ட அதிகாரிகளுக்கும் ஒரு பயம் இருந்தது. முழுப் பாரத்தோடு தொங்கவிட்டால் படகு நடுவில் மடங்கிவிடுமோ என்று நினைத்தார்கள். கப்பலைக் கட்டிய நிறுவனம் அதே அளவு எடையை ஏற்றிச் சோதித்துப் பார்த்திருந்தது. அந்தச் செய்தி அதிகாரிகளின் காதுக்கு எட்டவில்லை. மூன்றாம் வகுப்புப் பயணிகளில் பலர் படகுத் தளத்துக்கு வழி கண்டுபிடித்து வருவதற்குள் பாதிப் படகுகள் போய்விட்டிருந்தன.

இனி, என் வாதத்துக்கு முக்கியமான இடம். அந்த 20 படகுகளில் முறையாக இறக்கப்பட்டவை 18 மட்டுமே. 12.45-இலிருந்து 2.05 வரை, கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம் அதற்கே சரியாக இருந்தது. மீதி இரண்டும் மடக்குப் படகுகள். அதிகாரிகள் அறைகளின் கூரைமேல் கட்டி வைத்திருந்தார்கள். அவற்றைக் கீழே இறக்கிக் கயிற்றில் மாட்டுவதற்குள் கடலே தளத்துக்கு ஏறி வந்துவிட்டது. ஒன்று பாதி நீர் நிறைந்து மிதந்தது. மற்றது குப்புறக் கவிழ்ந்து மிதந்தது. இரண்டாம் அதிகாரி லைட்டோலர் உட்பட முப்பது பேர் போல அதன் முதுகில் நின்று விடியும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2.20-க்குக் கப்பல் போயிற்று.

இருபது படகுக்கே நேரம் போதவில்லை என்னும்போது ஐம்பது படகு இருந்திருந்தால் யார் இறக்கியிருப்பார்கள், எப்போது இறக்கியிருப்பார்கள்? ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலையைத் தொடங்கி, பழகிய ஆட்களும் இருந்திருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘இருந்திருந்தால்’ படகின் எண்ணிக்கையில் அடங்குவது அல்ல.

படகை இறக்குவது என்பது படத்தில் பார்ப்பது போல ஒரு விசையை அழுத்தும் வேலை இல்லை. இரண்டு முனையிலும் கப்பிகள், அவற்றில் ஓடும் மணிலாக் கயிறு, ஒவ்வொரு முனையிலும் கயிற்றை விட்டுக்கொடுக்க ஆட்கள். ஒருவர் கொஞ்சம் வேகமாக விட்டால் படகு தலை சாய்ந்து, உள்ளே இருப்பவர்கள் கொட்டிவிடுவார்கள். டைட்டானிக்கின் 13-ஆம் எண் படகு நீரைத் தொட்டதும், கப்பலின் பக்கவாட்டிலிருந்து பீறிட்ட கழிவுநீர் அதைப் பின்னுக்குத் தள்ளியது. நேர் மேலே 15-ஆம் எண் படகு இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே இருப்பவர்கள் கத்துவது மேலே கயிறு விடுபவர்களுக்குக் கேட்கவில்லை. மேல் படகின் அடிப்பாகம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோது யாரோ கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துத் தப்பித்தார்கள். அலையே இல்லாத, கண்ணாடி போன்ற கடலில் நடந்தது இது.

நான் சரக்குக் கப்பல்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஒரு கப்பலில், துறைமுகத்துக்குள், பட்டப்பகலில், பயிற்சிக்காக ஒரு படகை இறக்க எங்களுக்கு 40 நிமிடம் ஆனது. கொக்கியின்மேல் பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். அது இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் முந்தைய மாதம்தான் அந்தப் படகைப் பார்த்து ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து ‘இத்தனை படகுகள் உள்ளன’ என்ற வாசகத்தைப் படித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொக்கிதான்.

பெயிண்ட் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில், தேவாலயச் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிச் சென்ற ஜெனரல் ஸ்லோக்கம் என்ற படகுக் கப்பல் தீப்பிடித்தது. பெரும்பாலும் தாய்மாரும் குழந்தைகளும். அதிலும் உயிர்காப்புப் படகுகள் இருந்தன. கம்பியால் கட்டி, மேலே பெயிண்ட் பூசி, இடத்தோடு ஒட்டிப்போயிருந்தன. தண்ணீர்க் குழாய்கள் மட்கிப்போய் வெடித்தன. மிதவை அங்கிகள் 13 ஆண்டுப் பழையவை. உள்ளே இருந்த தக்கை பொடியாகிக் கிடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரை எந்நேரமும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது.

சரி, டைட்டானிக்கில் ஏன் அத்தனை குறைவான படகுகள்? கஞ்சத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாகவே டைட்டானிக் வைத்திருந்தது. கப்பலின் டன் அளவைப் பார்த்துப் படகுகளை நிர்ணயித்த பிரிட்டிஷ் விதிகள் 1894-இல் எழுதப்பட்டவை. அவற்றின் கடைசிப் படி ‘10,000 டன்னும் அதற்கு மேலும்’. அன்றைக்கு மிகப் பெரிய கப்பலே 13,000 டன்னுக்குள்தான் இருந்தது. டைட்டானிக் 46,000 டன். விதி புத்தகத்திலேயே தூங்கிக்கொண்டிருக்க, கப்பல் மூன்றரை மடங்கு வளர்ந்துவிட்டது.

விதியை யாரும் தட்டி எழுப்பாததற்கு இன்னொரு காரணம் உண்டு, அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 1909 ஜனவரி 23 அன்று, அதே ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ரிபப்ளிக் என்ற கப்பல் அமெரிக்கக் கரைக்கு அப்பால், நாண்டக்கெட் தீவுப் பக்கம், மூடுபனியில் புளோரிடா என்ற இத்தாலியக் கப்பலோடு மோதியது. ஜாக் பின்ஸ் என்ற இளைஞர் கம்பியில்லாத் தந்தியில் அபாயக் குறி அனுப்பிக்கொண்டே இருந்தார். ரிபப்ளிக்கின் பயணிகளைப் படகுகளில் முதலில் புளோரிடாவுக்கு மாற்றினார்கள். பிறகு உதவிக்கு வந்த பால்டிக் கப்பலுக்கு எல்லோரையும் மாற்றினார்கள். மோதலில் நசுங்கி இறந்த சிலரைத் தவிர, 1,500 பேரும் பிழைத்தார்கள். ரிபப்ளிக் ஒன்றரை நாள் மிதந்துவிட்டுத்தான் மூழ்கியது.

உலகமே இதைக் கொண்டாடியது. கப்பல்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்: பெரிய கப்பல் சட்டென்று மூழ்காது, தந்தி அடித்தால் பக்கத்துக் கப்பல் வரும், படகு என்பது இங்கிருந்து அங்கே ஆட்களைக் கொண்டுவிடும் தோணி மட்டுமே, நாலைந்து நடை போய் வரலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் எதற்கு? நடந்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் முட்டாள்தனமாக யோசித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றே ஆண்டுகள் கழித்து டைட்டானிக் மூழ்கியபோது, தந்தி கேட்டு உதவிக்கு வந்த கார்பேத்தியா 58 மைல் தள்ளி இருந்தது. அது வந்து சேரும்போது விடிகாலை 4 மணி.

இப்போது எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து. கனடியன் பசிபிக் நிறுவனத்தின் இந்தக் கப்பலைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. 1914 மே 28 மாலை கியூபெக்கிலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்டது. 1,057 பயணிகள், 420 ஊழியர்கள். லண்டனில் நடக்கவிருந்த மாநாட்டுக்குப் போகும் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பினர் மட்டும் 170 பேர் போல இருந்தார்கள். டைட்டானிக் தந்த பாடத்தின்படி, ஏறியவர்களின் எண்ணிக்கைக்கும் மேலாகவே படகுகளில் இடம் இருந்தது. கப்பலின் தலைவர் ஹென்றி கெண்டல். (நான்கு ஆண்டுகளுக்கு முன், மனைவியைக் கொன்றுவிட்டுத் தப்பியோடிய டாக்டர் கிரிப்பனைத் தன் கப்பலில் அடையாளம் கண்டு, தந்தி அடித்துப் பிடித்துக்கொடுத்தவர் இவர்தான்.)

நள்ளிரவு கடந்து, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் முகப்பில், ஃபாதர் பாயிண்ட் என்ற இடத்தில் வழிகாட்டியை இறக்கிவிட்டுக் கப்பல் கடலை நோக்கித் திரும்பியது. எதிரே ஸ்டோர்ஸ்டாட் என்ற நார்வே நாட்டு நிலக்கரிக் கப்பல் முழுப் பாரத்தோடு வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தெளிவாகப் பார்த்தன. எந்தப் பக்கமாக விலகிப் போவது என்பதில் இருவரும் வேறு வேறு முடிவில் இருந்தபோது கரையிலிருந்து மூடுபனி வந்து நடுவில் திரை போட்டது. கெண்டல் எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிட்டு ஊதலால் தெரிவித்தார். ஸ்டோர்ஸ்டாட்டின் முதல் அதிகாரி, தன் தலைவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பத் தாமதித்துவிட்டு, கப்பலைத் திருப்பினார். 2 மணிக்குச் சற்று முன், நிலக்கரிக் கப்பலின் முகப்பு எம்ப்ரஸின் வலது விலாவில், இரண்டு புகைபோக்கிகளுக்கும் நடுவில் குத்தி இறங்கியது.

கெண்டல் ஒலிபெருக்கிக் குழாயில் கத்தினார்: எஞ்சினை நிறுத்தாதே, முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இரு, ஓட்டையை உன் கப்பலாலேயே அடைத்து வை! கத்தி குத்திய இடத்திலேயே இருந்தால் ரத்தம் கொஞ்சமாகத்தான் கசியும் என்ற கணக்கு. ஆனால் எம்ப்ரஸ் இன்னும் நகர்ந்துகொண்டிருந்ததால் கத்தி தானாகவே உருவிக்கொண்டது.

டைட்டானிக்கில் தண்ணீர் புகுந்த விரிசல்களையெல்லாம் கூட்டினால் சுமார் 12 சதுர அடிதான் இருக்கும் என்று அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான எட்வர்ட் வைல்டிங் விசாரணையில் கணக்குச் சொன்னார். ஒரு சராசரி வீட்டுக் கதவைவிடச் சிறியது. அதனால்தான் அதற்கு 2 மணி 40 நிமிடம் கிடைத்தது. எம்ப்ரஸில் விழுந்தது பெரிய பொந்து. அதோடு, ஆற்றில் காற்று வாங்கத் திறந்து வைத்திருந்த வட்டச் சன்னல்கள். கப்பல் சாயச் சாய அவை ஒவ்வொன்றாக நீர்மட்டத்துக்குக் கீழே வந்து குழாய்களாக மாறின. நீர்புகாக் கதவுகளைக் கையால் சுழற்றித்தான் மூட வேண்டும். சாய்ந்த கப்பலில் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே முடியவில்லை. சில நிமிடங்களில் மின்சாரம் போயிற்று.

பயணிகள் கப்பலில் ஏறி ஒன்பது மணி நேரம்தான் ஆகியிருந்தது. முதல் இரவு. எந்த நடைவழி எந்தப் படிக்கட்டுக்குப் போகும் என்பதே பலருக்குத் தெரியாது. தூக்கத்திலிருந்து எழுந்து, இருட்டில், சுவரே தரையாக மாறிக்கொண்டிருக்கும் நடைவழியில் தட்டுத்தடுமாறியவர்கள் எத்தனை பேரோ.

படகுகள்? கப்பல் வலப்புறம் சாய்ந்தது. இடப்புறப் படகுகளை வெளியே தள்ள முடியாது. அவை உள்பக்கமாகத் தளத்தின்மேல் விழுந்து சரிந்து, எதிர்ப்பட்டவர்களை நசுக்கின. வலப்புறப் படகுகளோ கப்பலை விட்டு விலகி ஊஞ்சலாகத் தொங்கின. நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டிக் குதித்தால்தான் ஏற முடியும். நாலைந்து படகுகளை இறக்குவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் கப்பல் ஒரேயடியாகப் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கானோர் சன்னல் வழியாக ஊர்ந்து வெளியேறி, அதன் விலாவின்மேல், மணல் திட்டில் உட்காருவது போல உட்கார்ந்தார்கள். தரைதட்டி நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். நாலு நிமிடம். அப்புறம் அந்தத் திட்டும் இல்லை.

1,012 பேர் இறந்தார்கள். அவர்களில் பயணிகள் 840; டைட்டானிக்கில் இறந்த பயணிகளைவிட இது சற்று அதிகம். 138 குழந்தைகளில் பிழைத்தது 4. ஊழியர்களில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள், பயணிகளில் ஐந்தில் ஒருவர்தான். இதை வைத்து ஊழியர்களைத் தூற்றியவர்களும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர்களில் பலர் அந்நேரம் விழித்திருந்தவர்கள், வழி தெரிந்தவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் இதை உலகம் மறந்தது என்று கேட்டால், இரண்டே மாதத்தில் முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. டைட்டானிக்கை விசாரித்த அதே லார்ட் மெர்சிதான் இதையும் விசாரித்தார். பழியை ஸ்டோர்ஸ்டாட்மேல் போட்டார். பரிந்துரைகளில் அவர் சொன்னவை: மூடுபனியில் நீர்புகாக் கதவுகளையும் சன்னல்களையும் மூடி வையுங்கள், கப்பல் மூழ்கினால் தானாகவே மிதந்து வெளிவரும் தெப்பங்களை வையுங்கள். படகுகளின் எண்ணிக்கை அந்த விபத்தில் ஒரு குறையாகவே இல்லை. அடுத்த ஆண்டு மே 7 அன்று, ஜெர்மன் நீர்மூழ்கியின் குண்டு பாய்ந்த லூசிட்டேனியா 18 நிமிடத்தில் மூழ்கியது. அதிலும் இதே சாய்வு, இதே கதை. 48 படகுகளில் ஒழுங்காக இறங்கியவை 6.

கப்பல் ஏன் நேராக அமிழாமல் சாய்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் அடுத்த விபத்து எளிதாகப் புரியும். குடத்தில் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்து நடக்கலாம். அதே தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி எடுத்து நடந்து பாருங்கள். கொஞ்சம் சரிந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடி, சரிவை இன்னும் கூட்டும். கப்பலுக்குள் அகலமாகப் பரவி அலையாடும் நீர் செய்வதும் இதைத்தான். அதோடு தலைப்பாரம் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வைக்கோலை மானம் முட்ட ஏற்றிக்கொண்டு மேட்டில் திரும்பும் மாட்டுவண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஈஸ்ட்லாண்ட் அப்படிப்பட்ட ஒரு வண்டி. அமெரிக்க ஏரிகளில் ஓடிய உல்லாசக் கப்பல். ஒடுங்கிய உடல், உயரமான தளங்கள், சாயும் கப்பல் என்று பத்தாண்டுகளாகவே பெயர் வாங்கியது. நிலையாக நிற்க அடியில் தண்ணீர்த் தொட்டிகளை நம்பியிருந்தது. அவற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று காட்டும் அளவுகோல்கூட இல்லை. டைட்டானிக்குக்குப் பிறகு எழுந்த குரலின் விளைவாக, செனட்டர் லா ஃபாலட்டின் பெயரால் அறியப்படும் கடலோடிகள் சட்டம் 1915 மார்ச்சில் கையெழுத்தானது. அதில் கூடுதல் படகு, தெப்பம் பற்றிய விதிகளும் இருந்தன. சட்டம் விவாதத்தில் இருந்தபோதே ஏரிக் கப்பல் நிறுவன மேலாளர் ஒருவர் எச்சரித்திருந்தார்: எங்கள் கப்பல்கள் ஆழமில்லாத நீருக்காகக் கட்டியவை, மேல்தளத்தில் இவ்வளவு எடையை வைத்தால் ஆமை போலக் கவிழ்ந்துவிடும். செலவுக்குப் பயந்து சொல்கிறார் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள் போலும். செலவுக்குப் பயந்தும் சொல்லியிருப்பார். ஆனால் சொன்னது உண்மை.

அந்த ஜூலை மாதத் தொடக்கத்தில் ஈஸ்ட்லாண்டின் மேல்தளத்தில் புதிய படகுகளும் தெப்பங்களும் ஏற்றப்பட்டன. எடை 14, 15 டன் வரும். அதன்பின் கப்பலின் நிலைத்தன்மையை யாரும் சோதிக்கவில்லை. ஜூலை 24, சனிக்கிழமை காலை, சிகாகோ ஆற்றின் படித்துறையில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு சுற்றுலாவுக்கு ஏறினார்கள். பலர் செக் நாட்டுப் பகுதியிலிருந்து குடியேறியவர்கள், புதுத்துணி, சாப்பாட்டுக் கூடைகள், மேளதாளம். 2,500-க்குச் சற்று மேல். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது, கீழே எஞ்சின் ஆள் தொட்டிகளில் நீரை மாற்றிச் சரிசெய்தார், மறுபக்கம் சாய்ந்தது. இப்படி ஊஞ்சலாடிய கப்பல் 7.28-க்கு அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது. கயிறு இன்னும் படித்துறையில் கட்டியபடியே இருந்தது. நீரின் ஆழம் 20 அடி. கப்பலின் ஒரு பாதி தண்ணீருக்கு மேலேயே தெரிந்தது.

844 பேர். கரையிலிருந்து ஒரு கயிற்றை வீசினால் பிடிக்கும் தூரத்தில். உள்ளே இருந்தவர்களில், மேசை, நாற்காலி, பியானோ எல்லாம் உருண்டு வந்து நசுக்கியே பலர் போனார்கள். இரும்புத் தகட்டை வெட்டி, உள்ளே மிஞ்சியிருந்தவர்களை இழுத்தார்கள். 22 குடும்பங்கள் ஒருவர் மிச்சமில்லாமல் அழிந்தன. சடலங்களை ஒரு படைக்கூடத்தில் வரிசையாகக் கிடத்தி எண் போட்டார்கள். 396-ஆம் எண் ஒரு சிறுவன். நாள்கணக்கில் யாரும் அவனைத் தேடி வரவில்லை. தேட வேண்டிய அப்பா, அம்மா, அக்கா மூவரும் அதே கப்பலில் இறந்திருந்தார்கள். கடைசியில் பாட்டி வந்தார், அவனுக்கு எடுத்த அதே துணியில் இன்னொரு கால்சட்டையைக் கையில் கொண்டுவந்து ஒத்துப் பார்த்து அடையாளம் காட்டினார். மேல்தளத்தில் இருந்த உயிர்காப்புப் படகுகளில் ஒன்றுகூட இறக்கப்படவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் படகே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படகு உதவிய கப்பலும் இருக்கிறது, அது டைட்டானிக்கின் உடன்பிறப்பு. போர்க்கால மருத்துவமனைக் கப்பலாக ஓடிய பிரிட்டானிக், 1916 நவம்பர் 21 காலை, கிரேக்கத்தின் கேயா தீவருகே கண்ணிவெடியில் மோதி 55 நிமிடத்தில் மூழ்கியது. டைட்டானிக்குக்குக் கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதில் இருந்தவர்கள் 1,060-க்கு மேல், இறந்தவர்கள் 30. காரணங்களைப் பாருங்கள்: பகல் வெளிச்சம், உறையாத கடல், கண்ணுக்கெட்டும் கரை, கட்டளைக்குப் பழகிய ஆட்கள், நோயாளிகள் யாரும் ஏற்றப்படாத நடை. படகுகளை இறக்க, டைட்டானிக் மூழ்கிய பின் யோசித்து வைத்த ராட்சதப் பாரந்தூக்கிகள். இங்கேயும் வட்டச் சன்னல்கள் திறந்திருந்தன. வார்டுகளுக்குக் காற்று வேண்டும் என்று செவிலியர்கள் திறந்து வைத்தவை.

இறந்த அந்த முப்பது பேரில் பலரைக் கொன்றது எது தெரியுமா? தலைவர் கப்பலைக் கரைதட்ட வைக்க முயன்று எஞ்சினை ஓடவிட்டிருந்தார். உத்தரவு வருமுன்னே அவசரப்பட்டு இறக்கிய இரண்டு படகுகள், பாதி வெளியே தெரிந்தபடி சுழன்றுகொண்டிருந்த உந்தியின் விசிறிகளுக்குள் இழுக்கப்பட்டன. டைட்டானிக்கிலும் பணிபுரிந்து தப்பிய வயலெட் ஜெசப் அவற்றில் ஒன்றில்தான் இருந்தார். கடைசி நொடியில் குதித்து, தலையில் அடிபட்டுப் பிழைத்தார். வடக்கு அட்லாண்டிக்கில் 1913 அக்டோபரில் எரிந்த வோல்ட்டர்னோ என்ற கப்பலிலும் இதே விதி. புயலில் முதலில் இறக்கிய படகுகள் கப்பலில் மோதிச் சிதறின, பெண்களும் குழந்தைகளுமாக 130-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். எரியும் கப்பலிலேயே தங்கியவர்களை, தந்தி கேட்டு வந்த 11 கப்பல்கள் மறுநாள் மீட்டன.

இரண்டாவது கேள்விக்கு மிச்சப் பதில். 1914 ஜனவரியில் லண்டனில் 13 நாடுகள் கையெழுத்திட்ட கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம், அதாவது சோலாஸ், எல்லோருக்கும் படகு இடம், 24 மணி நேரத் தந்திக் காவல், பனிப்பாறைக் கண்காணிப்பு ஆகியவற்றைக் கேட்டது. போரால் அது திட்டமிட்டபடி நடைமுறைக்கு வரவில்லை. திருத்திய வடிவம் 1929-இல்தான் வந்தது. இவற்றில் 24 மணி நேரக் காவலைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். டைட்டானிக்குக்குப் பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் என்ற கப்பலில் ஒரே ஒரு தந்தி ஆள். அன்று இரவு வேலை முடித்துப் படுத்துவிட்டார்.

இன்றைய சோலாஸ் விதிகளைப் படித்தால் எம்ப்ரஸின் நிழலை அதில் பார்க்கலாம். கப்பல் எந்தப் பக்கம் 20 டிகிரி சாய்ந்தாலும் படகை இறக்க முடிய வேண்டும். பயணிகள் கூடியபின், கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் அத்தனை படகுகளும் இறங்கியாக வேண்டும். இப்போது எண்ணுவது நிமிடங்களை. ஆனால் அந்த உத்தரவை எப்போது கொடுப்பது என்பது இன்றும் ஒரு மனிதரின் கையில்தான் இருக்கிறது. டைட்டானிக் மூழ்கி நூறாவது ஆண்டில், 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் இடித்தது. 4,200 பேருக்கும் தாராளமாக இடம் இருந்தது. இடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபின்தான் உத்தரவு வந்தது. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட, ஒரு பக்கத்துப் படகுகளில் சில மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தன. 32 பேர் இறந்தார்கள்.